காலி இடத்தின் கணக்கு: ஊசுட்டேரியின் கரை, வெள்ளம், படகுத்துறை

புதுச்சேரி நகரிலிருந்து மேற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனால் ஊசுட்டேரி. ஊசுடு என்று சட்டமன்றத் தொகுதிக்குப் பெயர். ஏரியை உசுட்டேரி என்பவர்களும் உண்டு. சுமார் 800 எக்டேர் நீர்ப்பரப்பில் ஏறக்குறைய பாதி புதுச்சேரியிலும் மீதி விழுப்புரம் மாவட்டத்து வானூர் வட்டத்திலும் கிடக்கிறது. கொள்ளளவு 540 மில்லியன் கனஅடி. அதே சங்கராபரணி ஆற்றுப்படுகையில் 1950களின் இறுதியில் தமிழ்நாடு அரசு கட்டிய வீடூர் அணையின் கொள்ளளவு 605 மில்லியன் கனஅடி. இரண்டுக்கும் பெரிய வேறுபாடில்லை. ஆனால் வீடூரை அணை என்கிறோம், இதை ஏரி என்கிறோம். பெயர் மாறியதோடு நாம் கேட்கும் கேள்விகளும் மாறிவிட்டன. அணை என்றால் ‘எத்தனை அடி, எவ்வளவு திறப்பு’ என்று கேட்கிறோம். ஏரி என்றால் ‘நிரம்பியதா’ என்பதோடு சரி. நிரம்பினால் மகிழ்ச்சி, படம், செய்தி.

ஊசுட்டேரி புதுச்சேரிக்கு வெள்ளத் தடுப்பாகவும் இருக்கிறது, பொழுதுபோக்கு இடமாகவும் இருக்கிறது என்று திட்ட அறிக்கைகளில் ஒரே மூச்சில் எழுதப்படுவதை இக்கட்டுரை மறுக்கிறது. வெள்ளத்தைத் தடுப்பது ஏரியில் உள்ள தண்ணீர் அல்ல, ஏரியில் இல்லாத தண்ணீர். படகு கேட்பதோ இருக்கும் தண்ணீரை. இரண்டும் ஒரே இடத்துக்குப் போட்டியிடுகின்றன.

கணக்கைச் சிறிதாகப் போட்டுப் பார்க்கலாம். 540 மில்லியன் கனஅடியை 800 எக்டேரில் பரப்பினால் சராசரி ஆழம் 1.9 மீட்டர், ஆறடிக்குச் சற்று மேல். இவ்வளவு ஆழமில்லாத ஏரியில் ஓர் அடி என்பது பெரிய அளவு. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் நகரில் 46 செ.மீ. மழை பதிவானது. அதற்கு முந்தைய உச்சம் 2004 அக்டோபர் 31-இல் பெய்த 21 செ.மீ. அந்த 46 செ.மீ. ஊசுட்டேரியின் நீர்ப்பரப்பின் மீது நேராக விழுந்ததாக மட்டும் வைத்துக்கொள்வோம். வரத்து வாய்க்கால், நீர்ப்பிடிப்பு எதையும் சேர்க்கவில்லை. அப்போதும் 130 மில்லியன் கனஅடி வருகிறது, மொத்தக் கொள்ளளவில் ஏறக்குறைய கால் பங்கு. அதாவது அன்று ஏரி, மிச்சநீர் வழியும் கலங்கலின் மட்டத்துக்கு ஒன்றரை அடி கீழே நின்றிருந்தால், தன் தலையில் விழுந்த மழையை மட்டுமே அதனால் தாங்கியிருக்க முடியும். ஊர் மழைக்கு இடம் மிஞ்சியிருக்காது.

இங்கே ஏரியின் அமைப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மண்கரைக்கு மேலேறி வழியும் தண்ணீர்தான் முதல் எதிரி. கரையின் முகடு ஓரிடத்தில் அரிபட்டால் சில மணி நேரத்தில் உடைப்பாகிவிடும். அந்த அச்சத்துக்காகவே கலங்கல் வைத்தார்கள். நிரம்பியதும் மிச்சம் தானாக வழிந்து போகட்டும் என்பதே அதன் நோக்கம். ஆகவே கலங்கல் கரையைக் காக்கிறது, கீழே உள்ள ஊரை அல்ல. நிரம்பிய ஏரிக்குள் ஆயிரம் கனஅடி வந்தால் கொஞ்ச நேரம் பரந்து நின்றுவிட்டு அநேகமாக ஆயிரமும் வெளியேறும். அமெரிக்காவில் அரசுத் திட்டங்களின்கீழ் விவசாயப் படுகைகளில் எழுப்பிய பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட சிற்றணைகளில் பெரும்பாலானவை மண்ணாலானவைதான். ஆனால் அவற்றின் வடிவம் வேறு. நிரந்தர நீர்மட்டத்தில் ஒரு குழாய் வாய், அதற்கு மேலே வெள்ளத்துக்கென்றே விட்டுவைத்த வெற்றிடம், அதற்கும் மேலே அவசர வழிந்தோடி. மீன்பிடிப்பும் படகும் கீழடுக்கில் நடக்கும், வெள்ளம் மேலடுக்கில் தங்கும். நம் ஏரியில் அந்த மேலடுக்கு கிடையாது. ஒரே அடுக்குதான், அதை யார் எப்போது எடுத்துக்கொள்வது என்பதே சிக்கல்.

அப்படியானால் நம் முன்னோர் வெள்ளத்தை நினைக்கவே இல்லையா? நினைத்தார்களோ இல்லையோ, ஏரிப் பாசன நிலமான ஆயக்கட்டு அந்த வேலையைச் செய்தது. மார்கழியில் நிரம்பிய ஏரியை நாற்றுக்கும் நடவுக்கும் மடை மடையாகத் திறந்து, கோடைக்குள் வற்றச் செய்துவிட்டார்கள். ஐப்பசி மழை வரும்போது ஏரி வெறுமையாகக் காத்திருந்தது. வெள்ளத்துக்கான காலி இடம் பாசனத்தின் உபரிப் பயனாகக் கிடைத்தது, அதற்கென்று யாரும் தனியாக உழைக்கவில்லை. பிரெஞ்சு ஆட்சியில் ஆயக்கட்டுக்காரர்கள் பொதுநிதி திரட்டி ஏரிகளைப் பராமரித்த ‘கேஸ் கொம்யூன்’ அமைப்புகளும் இந்தச் சுழற்சியைத்தான் காத்தன. பிறகு ஆழ்துளைக் கிணறுகள் வந்தன. மதகுத் தண்ணீருக்குக் காத்திருந்தவர்கள் மோட்டாருக்கு மாறினார்கள். புதுச்சேரிப் பகுதியின் 84 ஏரிகளைப் புனரமைக்க ஐரோப்பிய ஒன்றிய நிதியில் நடந்த திட்டம் கரை, மதகு, விவசாயிகள் சங்கம் எல்லாவற்றையும் தொட்டது. ஆனால் மதகைத் திறக்கச் சொல்லிச் சண்டை போடும் விவசாயி குறைந்த பிறகு, ஏரி தண்ணீரை வைத்துக்கொண்டே இருக்கும் பாத்திரமாகிவிட்டது. நிலத்தடி நீர் ஊறவும் பறவைகள் தங்கவும் படகு விடவும் அதுவே வசதி. நெல் சாகுபடி சுருங்கியதை வெள்ள அபாயத்தோடு சேர்த்துப் பேசுவோர் குறைவு. என் கருத்தில் அதுதான் பிரச்சினையின் வேர்.

எதிர்வாதம் ஒன்று உண்டு, அதில் நியாயமும் இருக்கிறது. ஃபெஞ்சலின்போது நகரம் மூழ்கியது ஊசுட்டேரியால் அல்ல. கிருஷ்ணா நகரில் ராணுவத்தினர் இறங்கி மக்களை மீட்டது அங்கேயே பெய்த மழை வடிய வழியில்லாததால். பாகூர்ப் பக்கம் தத்தளித்தது சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1.68 லட்சம் கனஅடி வரை திறக்கப்பட்டுத் தென்பெண்ணை பெருகியதால். இரண்டுக்கும் ஊசுட்டேரி பொறுப்பல்ல, மருந்தும் அல்ல. சங்கராபரணி ஆற்றிலிருந்து ஏரிக்கு நீர் கொண்டுவரும் வாய்க்கால் தன் அகலத்துக்கு உட்பட்டதைத்தான் இழுக்கும். சங்கராபரணியின் பெருவெள்ளத்தை ஊசுட்டேரி விழுங்கிவிடும் என்று நம்புவது பேராசை. ஏரிக்கும் ஆற்றுக்கும் இடைப்பட்ட தாழ்ந்த நிலம்தான் அதன் உண்மையான பொறுப்பு. எல்லை சிறியது. சிறியதையாவது ஒழுங்காகச் செய்யலாம்.

கரையில் நடந்து பார்த்தால் சில விஷயங்கள் தெளிவாகின்றன. உட்புறத்தில் அலையின் அடியைத் தாங்கும் கற்கள். வெளிச்சரிவில் புல்லும் முள்ளும். அடிவாரத்தில் ஆங்காங்கே ஈரம். கசியும் நீர் தெளிந்து வந்தால் அச்சமில்லை என்பார்கள் ஏரி வேலை தெரிந்தவர்கள். கலங்கி வந்தால் கரையின் மண்ணே போகிறது என்று பொருள், உடனே மணல்மூட்டை வேண்டும். இதே மண்கரைக்கு இன்னொரு குணமும் உண்டு. நீண்ட காலம் நனைந்து ஊறிய உட்சரிவின் முன்னிருந்து தண்ணீரைத் திடீரென்று இறக்கினால், ஊறிய மண் தாங்கலில்லாமல் சரியும். பத்துக்கண்ணு என்று பக்கத்தில் ஓர் ஊர். நீர்வேலைக்காரர் பேச்சில் பாலத்துக்கும் மதகுக்கும் ‘கண்’ என்றால் தண்ணீர் போகும் வழி. அந்தப் பெயரை நான் அப்படித்தான் வாசிக்கிறேன். கண்களை எண்ணி ஊருக்குப் பெயர் வைத்தவர்களுக்குத் தண்ணீர் வரும் அளவைப் போலவே போகும் அளவும் முக்கியமாக இருந்திருக்கும்.

போகும் அளவைக் கணக்கிடுவோம். கலங்கலுக்கு இரண்டு அடி கீழே மட்டத்தை இறக்க வேண்டுமென்றால், விளிம்பு சுருங்குவதைக் கழித்தும் 150 மில்லியன் கனஅடிக்கு மேல் வெளியேற்ற வேண்டும். நொடிக்கு 100 கனஅடி விட்டால் ஒரு நாளில் போவது 8.64 மில்லியன். ஆக, பதினேழு பதினெட்டு நாள். புயல் சின்னம் உருவாகி நமக்குக் கிடைக்கும் அவகாசமோ நான்கைந்து நாள். அந்த நான்கு நாளில் அவசரமாகத் திறப்பதைக் கரையும் விரும்பாது, கீழ்க்கரை வயல்களும் விரும்பா. 2015 டிசம்பர்ச் சென்னை வெள்ளத்தில் செம்பரம்பாக்கம் ஏரியைப் பற்றி எழுந்த சர்ச்சையும் இதைத்தான் சொன்னது. நொடிக்கு 29,000 கனஅடி திறந்தது தவறா, முன்கூட்டியே இடம் வைக்காதது தவறா என்பது அந்தச் சண்டையின் சாரம். அறிவிப்பு வந்த பின் திறப்பது வெள்ளத் தடுப்பாகாது, வெள்ளத்தோடு சேர்ந்துகொள்வதாகும்.

எனவே தேதியை வைத்தே விதி இருக்க வேண்டும். அக்டோபர் நடுவில் மட்டம் கலங்கலுக்கு இரண்டு அடி கீழே. நவம்பர் முழுவதும் ஓரடியாவது கீழே. டிசம்பர் நடுவுக்குப் பிறகு நிரம்பட்டும். பின்மழை பொய்த்தால்? அந்த ஆண்டு ஏரி குறைவாகவே நிற்கும். விவசாயிக்கும் கிணற்றுக்கும் இழப்புதான், மறுப்பதற்கில்லை. இழப்பை யார் தாங்குவது என்பதை எழுதி வைக்காமல் விதி போட்டால் முதல் வறட்சியிலேயே அது கிழிக்கப்படும். நீர்ப்பரப்பில் பாதி தமிழ்நாட்டில் இருப்பதால் அந்தக் காகிதத்தில் இரண்டு அரசுகளின் கையெழுத்தும் வேண்டும்.

பறவைகள் இதில் எதிர்க்கட்சி அல்ல. புதுச்சேரி 2008-இல் தன் பக்கத்தைச் சரணாலயமாக அறிவித்தது. சில ஆண்டுகள் கழித்துத் தமிழ்நாடும் அறிவித்தது. நத்தைகுத்தி நாரையும் பூநாரையும் ஆழத்தில் இரை தேடுவதில்லை; முழங்கால் தண்ணீரும் சேறும் அவற்றுக்குப் போதும். மட்டம் இறங்கும்போது விளிம்பில் விரியும் அந்தச் சேற்றைப் படகுக்காரர்கள் அழகுக்கேடு என்கிறார்கள். சரணாலயம் என்று பலகை வைத்துவிட்டு மிதிபடகுக்கு மட்டத்தைப் பிடித்து வைப்பது எந்த ஊர் நியாயமோ!

புதுச்சேரி பாரதி பூங்காவின் நடுவே வெள்ளையாக நிற்கும் ஆயி மண்டபம், முத்திரைப்பாளையத்திலிருந்து நகருக்குத் தண்ணீர் கொண்டுவந்ததன் நினைவாக மூன்றாம் நெப்போலியன் காலத்தில் எழுந்தது. தண்ணீர் வந்ததற்கு மண்டபம் கட்டிய நகரம் இது. வராமல் நின்ற தண்ணீருக்கு யாரும் மண்டபம் கட்டுவதில்லை, அதற்கென நிதி கேட்டாலும் கிடைப்பது அரிது.

கேட்பதும் அதிகமில்லை. கரையில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஓர் அளவுகோல் பலகை, அதில் மாதவாரியாகச் சிவப்புக் கோடு. மதகைத் திறக்கும் பொறுப்பு ஒரே அதிகாரியிடம். படகுத்துறையைப் பொறுத்தவரை, நீர்மட்டத்தோடு ஏறி இறங்கும் மிதவை மேடை ஒன்று போதும். இல்லையென்றால் இப்போதிருக்கும் படிகளுக்குக் கீழே இன்னும் இரண்டடிக்குப் படி கட்டிவிடலாம்.