விரால் எப்போது 'களை மீன்' ஆனது?

கண்மாயில் விராலை யாரும் விதைத்ததில்லை. மழைத்தண்ணீர் ஓடையில் இறங்கினால் அதுவே எதிரேறி வந்துவிடும். கோரை மண்டிய ஆழமில்லாத இடத்தில் ஆணும் பெண்ணுமாகச் செடிகளை ஒதுக்கி வட்டமாக இடம் செய்துகொள்ளும். மஞ்சள் முட்டைகள் நீர்மேல் மிதக்கும். ஓரிரு நாளில் பொரியும். செந்நிறக் குஞ்சுகள் பந்தாகத் திரண்டு மேலே நீந்த, அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கும். மேலே வந்து காற்றைக் குடிக்கும் மீன் என்பதால், கண்மாய் வற்றினாலும் சேற்றில் புதைந்து, ஈரம் இருக்கும்வரை உயிர் பிழைத்துக் கிடக்கும்.

நிலமும் வலையும் இல்லாதவர்களுக்கு அந்தச் சேறுதான் கறிக்கடை. கையால் துழாவினால் போதும். (குடிக்கத் தண்ணீர் மொள்ள விடாத ஊர்கள் இதையும் தாராளமாக விட்டுவிடவில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை.)

இந்தக் கதை திரும்பிய இடம் 1957. அந்த ஜூலையில் ஒடிசாவில் ஹிராலால் சௌத்ரி, ஹார்மோன் ஊசி போட்டுக் கெண்டை இன மீன்களை முட்டையிட வைத்தார். அறிவியலாகப் பார்த்தால் பெரிய சாதனை. அதன்பின் கட்லா, ரோகு குஞ்சுகள் பண்ணையிலிருந்து கண்மாய்க்கு வரத் தொடங்கின. காசு போட்டு குஞ்சு விட்டவருக்கு மீன் சொந்தம் என்றானது. மீன்பாசிக் குத்தகை எடுக்கக் கையில் முதல் வேண்டும், ஏலத்தில் நிற்க ஊரில் செல்வாக்கும் வேண்டும். நம் தெருக்களில் இரண்டும் எத்தனை பேரிடம் இருந்தது?

விரால் அந்தக் குஞ்சுகளைத் தின்னும். ஆகவே அது 'களை மீன்'. வளர்ப்புக் குளங்களில் இலுப்பைப் பிண்ணாக்கு போட்டுக் கொன்றார்கள். ஆனால் சந்தையில் கட்லாவைவிட அதற்குத்தான் விலை! இப்போது அதையே பண்ணையிலும் வளர்க்கிறார்கள்.

கோடையில் மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் ஊத்தாவோடு ஊரே இறங்கும் மீன்பிடித் திருவிழாவை 'சாதி மத வேறுபாடின்றி' என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. ஒருநாள் சரி. மற்ற நாட்களின் மீன் யாருடையது? மடை திறந்து, இரவில் கரை காத்த நீர்பாய்ச்சிகள் பல ஊர்களில் தலித்துகள். அறுவடையில் அவர்களுக்குக் கூலி நெல் கிடைத்தது. தண்ணீரைக் காத்தவருக்கு மீன் குத்தகையில் என்ன பங்கு?

ஊராட்சிக் கண்மாயின் குத்தகைப் பணம் ஊராட்சிக் கணக்கில் வரவேண்டும். வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் கிராம சபை உறுப்பினர். அடுத்த ஆகஸ்ட் 15 கூட்டத்தில் கேட்போம்: ஏலம் என்றைக்கு நடந்தது, அறிவிப்பு நம் தெருவுக்கு வந்ததா, எடுத்தவர் யார், தொகை எவ்வளவு.