ஒன்று இரண்டான கதை

ஒரு பிடி வைக்கோலைக் குளத்து நீரில் ஊறப்போட்டு நாலைந்து நாள் வைத்திருங்கள். பின்னர் அதில் ஒரு சொட்டை எடுத்து நுண்ணோக்கியில் பாருங்கள். எண்ணற்ற சிற்றுயிர்கள் அங்குமிங்கும் நீந்தித் திரிவதைக் காண்பீர்கள். நாலைந்து நாளில் இத்தனை உயிர்கள் எங்கிருந்து வந்தன?

இக்கேள்வி 18-ஆம் நூற்றாண்டு அறிஞர்களைப் பெரிதும் குழப்பியது. ஹாலந்து நாட்டு லேவன்ஹூக் 1670-களிலேயே இச்சிற்றுயிர்களைக் கண்டு எழுதிவிட்டார். ஆனால் அவை பெருகும் விதம் விளங்கவில்லை. முட்டையையும் காணோம், குட்டியையும் காணோம். அழுகும் பொருளிலிருந்து அவை தாமாகவே தோன்றுகின்றன என்று இங்கிலாந்தைச் சேர்ந்த நீடம் 1748-இல் கூறினார். பலரும் அதை நம்பினர்.

உயிர் பெருக ஆணும் பெண்ணும் வேண்டும் என்ற எண்ணமோ அதற்கு முன்பே ஆட்டங்கண்டிருந்தது. ஹேக் நகருக்கு அருகில் ஒரு பிரபுவின் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லி வந்தவர் ஆபிரகாம் டிரெம்ப்ளே. இவர் 1740-இல் நன்னீரில் வாழும் ஹைட்ராவை இரண்டாக வெட்டினார். அது சாகவில்லை, இரு துண்டுகளும் இரு முழு ஹைட்ராக்களாக வளர்ந்தன! மறு ஆண்டு, வெட்டாமலேயே அதன் உடலில் ஒரு குட்டி ஹைட்ரா அரும்பிப் பிரிவதையும் கண்டார்.

சரி, ஹைட்ராவைவிட மிகச் சிறிய உயிர்களின் கதை என்ன? ஜெனீவாவைச் சேர்ந்த சோசூர் (பிற்காலத்தில் முடி ஈரமானியை அமைத்தவர் இவரே) சிற்றுயிர் ஒன்று இரண்டாகப் பிளப்பதைக் கண்டு 1769-இல் எழுதினார். லண்டனில் ஜான் எல்லிஸ் இதை மறுத்தார். சிற்றுயிர்கள் ஒன்றோடொன்று மோதுவதால் உடல் அறுபடுகிறது. அது விபத்து, பெருக்கமன்று என்பது அவர் வாதம்.

எது சரி? ஆயிரம் உயிர்கள் முட்டி மோதும் சொட்டை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் இதற்கு விடை கிடைக்காது. மோதுவதற்குத் துணையே இல்லாத ஒற்றை உயிரைப் பார்க்கவேண்டும். கண்ணுக்குத் தெரியாத ஒன்றைத் தனியே பிடிப்பது எப்படி?

இத்தாலியின் ஸ்பல்லன்சானி ஒரு வழி கண்டார். கண்ணாடித் தகட்டின்மேல் சிற்றுயிர்கள் நிறைந்த ஒரு சொட்டு. அதன் அருகில் தூய நீர்ச் சொட்டு ஒன்று. இரண்டையும் நூலிழை போன்ற நீர்க்கால்வாயால் இணைத்தார். பிறகு நுண்ணோக்கியில் கண்ணை வைத்துக் காத்திருந்தார். ஓர் உயிர் மட்டும் தூய நீருக்குள் நீந்தி வந்ததும் கால்வாயைத் துண்டித்துவிட்டார். இப்போது அது தன்னந்தனி. ஆயினும் அதன் நடு உடல் ஒடுங்கியது, ஒன்று இரண்டாயிற்று. எல்லிசின் வாதம் அத்துடன் வீழ்ந்தது. இவ்வாய்வுகளை ஸ்பல்லன்சானி 1776-இல் நூலாக வெளியிட்டார்.

இதையே நாம் இருசமப் பிளவு என்கிறோம். பரமீசியத்தில் உட்கருக்கள் பிரிந்து, பின் உடல் குறுக்கே பிளக்கிறது. தாய் என்று தனியே எதுவும் மிஞ்சுவதில்லை. தாயே இரண்டு சேய்களாகிவிடுகிறது.

இனி ஒரு சிறு கணக்கு. ஒரு பரமீசியம் நாளொன்றுக்கு இருமுறை பிளப்பதாகக் கொள்வோம். 10 நாளில் 20 முறை இரட்டிக்கும். அப்போது எத்தனை இருக்கும்? 10,48,576! உணவு தீர்வதாலும் கழிவு சேர்வதாலும் பெருக்கம் ஓரளவில் நின்றுவிடும் என்பது உண்மையே. ஆனால் வைக்கோல் நீர் உயிர்மயமாவதற்குச் சிற்றுயிர்கள் தாமாகத் தோன்றவேண்டியதில்லை என்பது இக்கணக்கிலேயே தெரிகிறதல்லவா? தொடக்கத்தில் ஒன்று இருந்தால் போதும். அந்த ஒன்றும் முன்பிருந்த உயிரிலிருந்தே வருகிறது என்பதைப் பிரான்சின் லூயி பாஸ்டர் 1860-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தம் சோதனைகளால் நிலைநாட்டினார்.

மாணவ நண்பர்களே! ஒரு விளைவுக்கு இரு காரணங்கள் கூறப்பட்டால், அவற்றுள் ஒன்றை அறவே நீக்கிவிட்டு விளைவு நிகழ்கிறதா என்று பாருங்கள். ஸ்பல்லன்சானி இரண்டு சொட்டு நீரைக் கொண்டு செய்தது இதுதான். உங்கள் ஆய்வுக்கூடத்திலும் இம்முறை என்றும் கைகொடுக்கும்.