கெய்ரின்: ஊர் கட்ட ஓடிய சைக்கிள்

ஒலிம்பிக்ஸ் பார்த்தவர்கள் இந்தக் காட்சியைக் கவனித்திருக்கலாம். சரிவான மரத்தளத்தில் ஆறு சைக்கிள் வீரர்கள் வரிசையாகப் போகிறார்கள். அவர்களுக்கு முன்னால் ஒரு சின்ன மோட்டார் வண்டியில் ஒருவர் சாவகாசமாகப் போய்க்கொண்டிருக்கிறார். இது பந்தயமா, ஊர்வலமா என்று சந்தேகமே வந்துவிடும். அந்த வண்டி ஒதுங்கிய பிறகுதான் விஷயமே ஆரம்பம்! இதன் பெயர் கெய்ரின். ஜப்பானிய மொழியில் 'கெய்' என்றால் போட்டி, 'ரின்' என்றால் சக்கரம்.

இது பிறந்த கதை, போட்டியை விடச் சுவாரசியமானது.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது ஜப்பானின் பல நகரங்கள் குண்டுவீச்சில் எரிந்து கிடந்தன. ஊரைத் திரும்பக் கட்ட உள்ளாட்சிகளிடம் காசு இல்லை. 1948-ல் ஒரு சட்டம் வந்தது. உள்ளாட்சிகளே சைக்கிள் பந்தயம் நடத்தலாம், மக்கள் அதில் பணம் கட்டலாம். கட்டிய பணத்தில் சுமார் முக்கால் பங்கு ஜெயித்தவர்களுக்கு. மீதியில் செலவு போக மிஞ்சுவது ஊருக்கும் சைக்கிள் தொழிலுக்கும். அதே ஆண்டு நவம்பரில் கொக்குரா நகரில் முதல் பந்தயம் நடந்தது. 1945-ல் இரண்டாவது அணுகுண்டு விழ வேண்டிய ஊர் கொக்குராதான். வானம் தெளிவாக இல்லாததால் விமானம் நாகசாகிக்குத் திரும்பியது.

பணம் புழங்கும் இடத்தில் சந்தேகமும் வரும். 1950-ல் நருவோ மைதானத்தில் கலவரமே வெடித்தது. பந்தயங்கள் சில காலம் நிறுத்தப்பட்டன. அதனால்தான் அங்கே விதிகள் அத்தனை கறார். ஆண்களின் வழக்கமான பந்தயங்களில் எல்லோருக்கும் அங்கீகரிக்கப்பட்ட பாகங்கள் கொண்ட இரும்புச் சட்ட சைக்கிள்தான். பந்தய நாட்களில் வீரர்கள் வெளியுலகத் தொடர்பே இல்லாமல் தங்க வேண்டும். இத்தனைக்குப் பிறகும் 1969-ல் டோக்கியோ ஆளுநர் மினோபே, சூதாட்ட வருமானமே மாநகருக்கு வேண்டாம் என்று அறிவித்தார். ஊருக்கு நல்லது செய்யும் பணம் எந்த வழியில் வந்தாலும் சரிதானா? அந்தக் கேள்வி இன்றும் அப்படியே இருக்கிறது.

1980-ல் கெய்ரின் உலக சாம்பியன்ஷிப்பில் சேர்ந்தது. 2000-ல் சிட்னி ஒலிம்பிக்கில் நுழைந்தது. முதல் தங்கம் பிரான்சின் ஃப்ளோரியன் ரூசோவுக்கு. இங்கே டெர்னி எனும் அந்த மோட்டார் வண்டி மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் தொடங்கி 50 கி.மீ. வரை கூட்டிச் செல்லும். இப்போதைய விதிப்படி கடைசி மூன்று சுற்றுக்கு முன் விலகிவிடும்.

அதன்பின் பிரிட்டனின் கிறிஸ் ஹோய் 2008, 2012-லும், ஜேசன் கென்னி 2016-லும், 2021-ல் நடந்த டோக்கியோ போட்டியிலும் தங்கம் வென்றார்கள். மலேசியாவின் அசிசுல்ஹஸ்னி அவாங் வெண்கலமும் வெள்ளியும் வாங்கினார். 2024-ல் நெதர்லாந்தின் ஹாரி லாவ்ரய்சன்.

ஜப்பான்? 2024 பாரிஸ் வரை ஆண்கள் கெய்ரினில் ஒரே ஒரு ஒலிம்பிக் பதக்கம். 2008-ல் கியோஃபுமி நகாய் வாங்கிய வெண்கலம். கெய்ரின் பள்ளி இருக்கும் இசு நகரிலேயே 2021 போட்டி நடந்தும் பதக்கம் கிடைக்கவில்லை. உள்ளூரில் ஒன்பது பேர் வரை, நீளமான தளம், இரும்பு சைக்கிள். ஒலிம்பிக்கில் 250 மீட்டர் மரத்தளம், கார்பன் சைக்கிள். பெயர் ஒன்று, ஆட்டம் வேறு.

ஆனாலும் 2024 அக்டோபரில் கென்டோ யமசாகி உலக சாம்பியன் ஆனார். இதற்கு முன் ஜப்பானியர் ஒருவர் இந்தப் பட்டத்தை வென்றது 1987-ல், ஹருமி ஹோண்டா. உலகத்துக்கே கொடுத்த விளையாட்டில் திரும்ப ஜெயிக்க முப்பத்தேழு வருடம் ஆகியிருக்கிறது!