சம்மன் அனுப்பியவர்

மாடவீதி வீட்டில் தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் மடிப்பு மடிப்பாய்ப் பழுத்துப்போன ஒரு காகிதம் உண்டு. ஹைகோர்ட் செஷன்ஸில் ஜூரியாக வந்து உட்காரச் சொல்லும் சம்மன், ஷெரீப் பெயரில். ஆபீஸில் லீவு சொல்லி, பஞ்சகச்சத்தின்மேல் கோட்டு மாட்டி, டிராம் ஏறினாராம். பாட்டிக்கோ, போலீஸ்தான் கூப்பிடுகிறது என்று வயிற்றைக் கலக்கியதாம்.

அமெரிக்கப் படத்து ஷெரீப் வேறு. துப்பாக்கி, குதிரை, தேர்தல் எல்லாம் அவருக்கு. நம் சென்னை ஷெரீப் 1726 சாசனப்படி மேயர் கோர்ட்டோடு வந்தவர். அது போய் 1801இல் சுப்ரீம் கோர்ட், பிறகு 1862இல் ஹைகோர்ட். கோர்ட்டுகள் மாறினாலும் ஷெரீப் நாற்காலி மாறவில்லை. சம்மன் சேர்ப்பது, ஜூரிகளைத் திரட்டுவது, ஜப்தி செய்வது எல்லாம் அந்த ஆபீஸ் வேலை.

பின்னாளில் பதவி பெரிய மனிதர்களுக்கான கௌரவமானது; படியேறிக் கதவு தட்டியதெல்லாம் கீழே இருந்த சிப்பந்திகள்தான். சென்ட்ரல் எதிரே சத்திரம் கட்டிய சவலை ராமசாமி முதலியார் ஷெரீபாக இருந்தார். 1956இல் மேரி கிளப்வாலா ஜாதவ், முதல் பெண் ஷெரீப். 1980களில் ஏவி.எம். சரவணன். ஊர்க்காரர்கள் கேட்டுக்கொண்டால் பொதுக்கூட்டம் கூட்டும் உரிமையும் ஷெரீபுக்கு இருந்தது. எனக்கு அதுதான் பிடித்த விஷயம்.

1998இல் சென்னையில் பதவியை எடுத்துவிட்டார்கள். பம்பாயும் கல்கத்தாவும் விடவில்லை. தாத்தா அந்த வழக்கில் என்ன தீர்ப்பு சொன்னார் என்று கேட்டால் மட்டும், "ரகசியம்டா" என்று வெற்றிலைப் பெட்டியை இழுத்துக்கொள்வார்.