இராதாகிருஷ்ணன் நோக்கில் பல்தெய்வ நெறி, யூதம், கிறித்தவம்

முன்னுரை

சமயங்களை ஒப்பிட்டு ஆராய்ந்த இந்திய மெய்யியலாளருள் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் (1888–1975) குறிப்பிடத்தக்கவர். திருத்தணியில் பிறந்த அவர் 1896 முதல் 1900 வரை திருப்பதியில் லுத்தரன் மிஷன் பள்ளியில் பயின்றார். அன்று வடஆர்க்காடு மாவட்டத்திலிருந்த இவ்விரண்டு ஊர்களும் 1911இல் புதிதாக அமைந்த சித்தூர் மாவட்டத்தில் சேர்ந்தன. திருத்தணி 1960இல் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. பல்தெய்வ நெறி, யூதம், கிறித்தவம் ஆகிய மூன்றையும் பற்றிய அவர்தம் நோக்கையும் அதன் எல்லையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

அஞ்ஞானம் என்னும் சொல்

இந்நாட்டு வழிபாட்டை அஞ்ஞானம் என்பது மிஷனரி வழக்கு. சீகன்பால்கு 1713இல் தரங்கம்பாடியில் அச்சிட்ட சிறுநூலின் தலைப்பே ‘அக்கியானம்’ என்பதாகும். வேதாந்தத்தில் அறவியலுக்கு இடமில்லை என்ற குற்றச்சாட்டை இராதாகிருஷ்ணன் மாணவப் பருவத்திலேயே எதிர்கொண்டார். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் முதுகலைப் பட்டத்திற்காக எழுதி 1908இல் வெளியிட்ட ஆய்வேடு அதற்கான மறுமொழியாகும். அதனைப் பாராட்டியவர் அக்கல்லூரிப் பேராசிரியரும் கிறித்தவ இறையியலாளருமான ஏ. ஜி. ஹாக் என்பது கருதத்தக்கது.

மூன்று நெறிகள்

1939இல் வெளிவந்த ‘கீழைச் சமயங்களும் மேலைச் சிந்தனையும்’ என்னும் ஆங்கில நூலில் இம்மூன்று நெறிகளும் விரிவாக ஆராயப்படுகின்றன. கிரேக்க, உரோமானியப் பல்தெய்வ நெறி பிறர் தெய்வங்களுக்கும் இடமளித்தது. யூதம் ஒரே இறைவனையன்றிப் பிறிதொன்றை ஏலாதது. அவ்விலக்கும் பண்பு கிறித்தவத்திற்கும் வந்து சேர்ந்தது என்பது அவர் கருத்து. எனினும் இயேசுவின் அக அனுபவத்தை அவர் போற்றினார். அதனையும் திருச்சபையின் கோட்பாடுகளையும் வேறுபடுத்திக் கண்டார். இவ்வாறு, பழிச்சொல்லாக வழங்கிய பல்தெய்வ நெறி அவர் கையில் சகிப்புத்தன்மையின் சான்றாயிற்று.

நோக்கின் எல்லை

இம்மதிப்பீடு யூதத்திற்கு முழுநீதி செய்ததாகக் கூறவியலாது. ஏழைக்கும் அயலானுக்கும் நீதி வேண்டிய இறைவாக்கினர் மரபும் யூதத்திற்குரியதே. மேலும், 1927இல் வெளிவந்த ‘இந்து வாழ்க்கை நோக்கு’ என்னும் நூலில் அவரே வழிபாட்டினரைப் படிநிலைப்படுத்துகிறார். பரம்பொருளை வழிபடுவோர் தலைமையிடத்தும், சிறு சக்திகளையும் ஆவிகளையும் வழிபடுவோர் கடைப்படியிலும் வைக்கப்படுகின்றனர். அவர் பயின்ற திருப்பதியில் ஆண்டுதோறும் ஆடவர் பல வேடம் புனைந்து கங்கம்மா திருவிழா கொண்டாடுகின்றனர். அத்தகைய ஊர்த்தெய்வ வழிபாட்டிற்கு இப்படிநிலையில் உயர்ந்த இடம் கிட்டுவது அரிது.

முடிவுரை

அஞ்ஞானம் என்ற பழியை இராதாகிருஷ்ணன் தம் மரபினின்று நீக்கினார்; எனினும் உயர்வு தாழ்வு கற்பிக்கும் அளவுகோலை அவர் கைவிடவில்லை. மிஷனரி வெளியே நிறுத்திய ஊர்த்தெய்வத்தை அவர் உள்ளே ஏற்றுக் கீழ்ப்படியில் அமர்த்தினார். சகிப்புத்தன்மையும் சமமதிப்பும் ஒன்றல்ல என்பதே இதனாற் பெறப்படும் முடிபாகும்.