செங்கல் போர்த்த வீடு



இங்கிலாந்தின் மத்திய பகுதியிலே, வொல்வர்ஹாம்ப்டன் நகருக்கு வடக்கே, மோஸ்லி ஓல்ட் ஹோல் என்னும் பழைய வீடொன்று இருக்கின்றது. வாயிலில் நின்று பார்ப்பவர் அதனை வசதி படைத்த கமக்காரர் ஒருவரின் செங்கல் வீடென்றே கொள்வர். கமக்காரர் குடியிருந்த வீடுதான் அது. ஆயினும் அச்செங்கற் சுவருக்கு வயது ஏறத்தாழ நூற்றைம்பது. வீட்டுக்கு வயதோ நானூறுக்கு மேல்.

ஹென்றி பிற் என்னும் வணிகர் 1600ஆம் ஆண்டளவில் இதனைக் கட்டுவித்தபோது இது மரச்சட்ட வீடாகவே எழுந்தது. ஓக் மரச் சட்டங்களை முளையடித்துப் பொருத்தி, இடைவெளிகளில் வரிச்சுக் கட்டி மண் அப்புவது அக்காலத்து வழக்கம். செங்கல் அந்நாளில் எல்லார்க்கும் எட்டுவதன்று. உரோமர் நீங்கிய பின் செங்கற் கலை அந்நாட்டிலே பல நூற்றாண்டு மங்கிக் கிடந்து, 13ஆம் நூற்றாண்டளவில் கிழக்குப் பகுதியில் மீண்டும் தலையெடுத்தது. எளிய வீடுகளில் முதலிலே செங்கலை வேண்டி நின்றது சுவரன்று, புகைபோக்கியே. மரவீட்டுக்குள் நெருப்பை அடக்கி வைக்க வேறு வழி ஏது? தம் ஊர் முதியவர்கள் புகைபோக்கிகள் பெருகியதைக் கண்டு வியந்தனரென வில்லியம் ஹரிசன் 1577இல் எழுதிவைத்தார். பிற்காலத்தில் அரசாங்கம் அடுப்புகளை எண்ணி, அடுப்பொன்றுக்கு ஆண்டுக்கு இரண்டு சிலிங் வரி வாங்கியது வேறு கதை.

மோஸ்லி வீட்டின் பெயர் வரலாற்றில் நிலைத்தது 1651ஆம் ஆண்டிலே. செப்டெம்பர் 3ஆம் நாள் வூஸ்டர் போரில் குறொம்வெல்லிடம் தோற்ற இரண்டாம் சார்ள்ஸ், குடியானவன் உடை தரித்து, 8ஆம் நாள் விடியுமுன் இவ்வீட்டின் கதவண்டை வந்து சேர்ந்தார். கால்கள் புண்பட்டிருந்தன. வீட்டுக்காரர் தோமஸ் விற்கிறீவ் கத்தோலிக்கர். ஹடில்ஸ்ரன் என்னும் குருவானவரை மறைவாக வைத்திருந்தவர். குருமார் ஒளிவதற்கென அமைந்த பொந்தொன்று மாடியறையை ஒட்டிய சிற்றறையின் தரைப்பலகைக்குக் கீழே இருந்தது. ஆறடிக்கு மேல் உயரமுள்ள சார்ள்ஸ் அதற்குள்ளே மடங்கிக் கிடந்தார்.

மறுநாள் சிப்பாய்கள் வந்தனர். விற்கிறீவ் அறைக் கதவுகளையெல்லாம் திறந்து போட்டுவிட்டுத் தாமே வெளியே சென்று அவர்களை எதிர்கொண்டார். மறைப்பதற்கு ஒன்றுமில்லை என்பதுபோல! அவரும் வூஸ்டரில் போரிட்டவரென்று சிப்பாய்கள் குற்றஞ்சாட்ட, அவர் நோயாளி, வீட்டைவிட்டு நகரவில்லையென அயலவர் சாட்சி கூறினர். வீட்டுக்குள்ளே தேடாமலே அவர்கள் அகன்றனர். அன்றிரவே சார்ள்ஸ் புறப்பட்டார். ஒக்டோபரில் பிரான்சை அடைந்தார்.

இனிச் செங்கலுக்கு வருவோம். 1666இல் இலண்டன் மாநகர் எரிந்த பின் அங்கு செங்கல்லாலோ கல்லாலோ கட்டவேண்டுமெனச் சட்டம் வந்தது. செங்கல் வீடு நாட்டுப்புறத்திலும் மதிப்புக்கு அடையாளமாயிற்று. 1784இல் அரசு ஆயிரம் செங்கல்லுக்கு இவ்வளவென வரி விதித்தது. எண்ணிக்கைக்கே வரியாதலால் சிலர் கல்லைப் பெரிதாக அறுத்தனர். அவ்வரி 1850இல் நீங்கியது. மோஸ்லியின் மரச்சட்டத்தைச் சுற்றிச் செங்கற் சுவர் எழுந்தது அதன் பின்னர், 1870ஆம் ஆண்டளவிலே. யன்னல்களும் மாற்றப்பட்டன.

பழைமையை விரும்புவோர் இதனைக் குறையாகச் சொல்வர். வீட்டின் முகம் கெட்டதென்பதில் ஐயமில்லை. ஆனால் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டியிருக்கலாமே, அவர்கள் இடிக்கவில்லை. போர்வைக்குள் மரச்சட்டமும் பலகைச் சுவர்களும் தப்பின. ஆதலால் அப்போர்வையை நான் பழிக்கமாட்டேன்.

1962ஆம் ஆண்டு வீடு தேசிய மரபுரிமை நிதியத்தின் கைக்கு வந்தது. செங்கல் முகப்பைக் கடந்து மாடியேறுவோர் அச்சிற்றறையின் தரையிலே மூடுபலகையையும், அதன் கீழே இருண்ட பொந்தையும் காணலாம்.