எம்டி-80 விமானங்களின் ஓய்வு (அமெரிக்கன் ஏர்லைன்ஸ்)

அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1983 முதல் இயக்கிய, மெக்டானல் டக்ளஸ் தயாரிப்பான குறுந்தொலைவு, நடுத்தொலைவு ஜெட் விமானங்களைப் படிப்படியாக விலக்கிய நடவடிக்கை. வாலருகே இரட்டை எஞ்சின் கொண்ட இவை, புதிய விமானங்களைவிட அதிக எரிபொருள் குடித்தன. வயது ஏறப் பராமரிப்புச் செலவும் கூடியது. 2011 ஜூலையில் போயிங் 737, ஏர்பஸ் ஏ320 குடும்பங்களில் 460 விமானங்கள் வாங்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. கடைசிப் பயணிகள் சேவை 2019 செப்டம்பர் 4 அன்று டல்லஸ்-ஃபோர்ட் வொர்த்திலிருந்து சிகாகோவுக்குச் சென்றது.

விமான வகை மாறும்போது விமானிகள் புதிய வகைக்குப் பயிற்சியும் தகுதிச் சான்றும் பெற வேண்டும். பணியாளர்கள் பணியைத் தொடங்கி முடிக்கும் தளங்களும் மாற்றியமைக்கப்படும். ஒரு நகரில் தொடங்கி முடியும் சேவைகளின் எண்ணிக்கை, வெளியூர்த் தங்கல் செலவு போன்றவற்றைக் கொண்டு தளம் தேர்வாகிறது. அங்கு யாருக்கு இடம் என்பதைப் பெரும்பாலும் பணிமூப்பு முடிவுசெய்கிறது.